நாற்பதுக்கு நாற்பது

"இருபத்துமூணு சைபர் ஒண்ணு" என்று ஆபீசர் திரவியம் துப்பாக்கியின் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் படிக்க, பூங்காவனம் தாளில் முதல் கட்டத்தைப் பார்த்து "இருக்கு சார்" என்று சொல்லி டிக் போட்டாள். மணி இரண்டேகால். துறைமுகச் சுங்கக் கொட்டகைக்குள் மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வந்ததாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. நாலு பெட்டி, பெட்டிக்குப் பத்து, மொத்தம் நாற்பது துப்பாக்கி, ஆகவே நாற்பது தடவை "இருக்கு சார்", பிறகு ஆபீசர் கையெழுத்து, பெட்டிக்கு ஆணி, ஆணிக்கு மேல் முத்திரை, சனிக்கிழமை கப்பல். பத்தொன்பது வருஷமாக அவள் பார்க்கிற வேலை இதுதான், பிறத்தியார் பொருளை எல்லை தாண்ட வைக்கிற வேலை. செருப்பு தாண்டியிருக்கிறது, கருவாடு தாண்டியிருக்கிறது, ஒரு தடவை யாரோ பணக்காரர் வீட்டுத் தேக்கு ஊஞ்சல் சங்கிலியோடு தாண்டியிருக்கிறது. துப்பாக்கி தாண்டுவது இதுதான் முதல் தடவை. செருப்போ துப்பாக்கியோ, முறை ஒன்றுதான். பொருள் ஆபீசர் கண்ணில், தாள் சரக்குக்காரருக்காக வந்த ஏஜென்ட் ஆள் கையில். அவர் பொருளில் வெட்டியிருக்கிற எண்ணைச் சொல்வார், இவள் உரிமத்தோடு வந்த பட்டியலில் அந்த எண்ணைத் தேடி இருக்கு என்பாள். இரண்டையும் ஒரே ஆள் பார்க்கக்கூடாதா என்று வெளியாள் கேட்கலாம். பார்க்கலாம்தான். திரவியத்துக்குப் போன மாசம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தது, இரும்பில் வெட்டிய எண்ணுக்கே முகத்தைக் கொண்டுபோய் முட்டிக்கொண்டிருந்தார், பொடி எழுத்துப் பட்டியலையும் அவர் கையில் கொடுத்தால் விடிந்துவிடும். தவிர அவருக்குப் பூங்காவனத்தைத் தெரியும். அவள் கழுத்தில் தொங்குகிற கார்டு, சுங்கத்தின் முன்னால் கையெழுத்துப் போடலாம் என்று சொல்கிற அந்தக் கார்டு, மூன்றாவது தடவை பரீட்சை எழுதி வாங்கியது என்பதும் தெரியும், இத்தனை வருஷத்தில் அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதும் தெரியும்.

"இருபத்துமூணு சைபர் ரெண்டு." "இருக்கு சார்." மேஜைக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பன் நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கிகளின் சொந்தக்காரர், அறுபது தாண்டியவர், சிங்காநல்லூரில் பட்டறை. ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளிலிருந்து அவரே பிரித்துக் கொடுத்தார், அவரே திரும்பச் சுற்றினார், லோடுமேனைத் தொட விடவில்லை. பம்புசெட் வால்வு கடைந்துகொண்டிருந்த குடும்பம், அவர் அப்பா காலத்தில் துப்பாக்கிக்கு அனுமதி வாங்கியது. ஒற்றைக் குழல், ஒரு தோட்டா, தோட்டத்துக் காட்டுப்பன்றியை விரட்டத் தோதானது. உள்ளூர்க் கடைகளுக்கு வருஷத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ போகும். இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டிலிருந்து, சோளம் விளைவிக்கிறவர்களின் சங்கம் ஒன்று, நாற்பது கேட்டு எழுதியிருந்தது. பன்றி எல்லா ஊரிலும் பன்றிதான் போலிருக்கிறது. ஒரு செருப்பை அனுப்ப நாலு தாள் போதும். துப்பாக்கிக்கு டெல்லியில் விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், உருப்படிக்கு ஒரு கட்டணம், வாங்குகிறவர் இது பன்றிக்கு மட்டும், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்று தன் நாட்டு அரசாங்க முத்திரையோடு எழுதித் தர வேண்டும், அதை நம் ஆட்கள் சரிபார்க்க வேண்டும், முதலில் கட்டிய கட்டணம் வேறு ஏதோ தலைப்பில் போய் விழுந்து, அதைத் திரும்பக் கேட்பதைவிட இன்னொரு தடவை கட்டுவது சுலபம் என்று எல்லோரும் சொல்ல, நஞ்சப்பன் மறுபேச்சில்லாமல் இன்னொரு தடவை கட்டினார். ஐந்து மாசம். ஐந்து மாசமும் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து, "ஏனுங்கம்மா, ஏதாச்சும் சேதி உண்டுங்களா" என்று கேட்பார், இல்லை என்றால் "செரிங்க, செரிங்க" என்று இவளுக்கே ஆறுதல் சொல்வது மாதிரி சொல்லி வைப்பார். உரிமம் வந்த அன்றைக்கு அவள் போன் செய்தபோது பட்டறை இரைச்சலில் அவருக்குக் காது கேட்கவில்லை, ஒன்பது பேருடைய மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். "இருபத்துமூணு சைபர் நாலு" என்றார் திரவியம்.

பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. பூங்காவனம் அதை நாலாவதுக்கு நகர்த்தி "இருக்கு சார்" என்றாள். மூன்றை எங்கேயோ மாற்றி அடுக்கியிருப்பார்கள், வரும். அஞ்சு வந்தது, ஆறு வந்தது. வீட்டில் துவைத்துப் போட்ட துணி ஞாபகம் வந்தது, மேகம் கட்டியிருக்கிறதா என்று கொட்டகைக் கதவைப் பார்த்தாள், வெளியே வெயில் தார் உருகக் காய்ந்துகொண்டிருந்தது. ஏழு. காலையில் அம்மா இட்லியில் உப்பில்லை என்றாள், டாக்டர்தான் குறைக்கச் சொன்னார் என்றதற்கு, டாக்டரையே சாப்பிடச் சொல் என்றாள். எட்டு. மூன்றைக் காணோம். நிஜமாகவே இது சின்ன விஷயம், போன வருஷம் ஒரு பெட்டிச் செருப்பில் இடதுகாலாகவே வந்த நாளைக்கூட அவள் சமாளித்திருக்கிறாள். ஒன்பது, பத்து, பதினொன்று. முதல் பெட்டி முடிந்தது. கட்டங்களில் பத்து டிக், நடுவில் ஒரு வெள்ளை, பல் விழுந்த இடம் மாதிரி. லோடுமேன் இரண்டாவது பெட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்ப, அதிலிருந்து வந்த முதல் துப்பாக்கிக்கு திரவியம் முகத்தைக் கொண்டுபோய், "இருபத்துமூணு பதிமூணு" என்றார். பன்னிரண்டு இல்லை. "இருக்கு சார்" என்று வாய் சொன்னது, கண் காலியான இரண்டு கட்டத்துக்கும் போய்விட்டு வந்தது. ஆபீசருக்கு யாரோ டீ கொண்டுவந்து நீட்ட, அவர் அதை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மேஜையைச் சுற்றி நஞ்சப்பனிடம் போனாள். "மூணாம் நம்பரும் பன்னெண்டும் எந்தப் பெட்டியில சார் இருக்கு?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, தெரிந்த விஷயத்தைக் கேட்டதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. "அது இருக்காதுங்கம்மா. ரெண்டும் மூணும் அஞ்சு, அதோட மூணு, எட்டாச்சுங்களே. எங்க பட்டறையில கூட்டுத்தொகை எட்டு வந்தா வெட்ட மாட்டமுங்க. அப்பா காலத்துல ஒண்ணு வெட்டி, குழல் வெடிச்சுப் போச்சுங்க, தோட்டத்துக்காரருக்கு ரெண்டு வெரல் போச்சு. அதுல இருந்து அந்த நம்பரத் தாண்டிர்றதுங்க." "அப்ப நாப்பது?" "நாப்பதுக்கு நாப்பது இருக்குதுங்களே. ஒண்ணு கொறையாது. நாப்பத்தஞ்சு வரைக்கும் போயிருக்குதுங்க."

இடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள். திரவியம் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்து, பதினாலு என்றார், இருக்கு என்றாள். ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நஞ்சப்பன் போனில் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது: நாப்பது உருப்படிங்க, இருபத்துமூணு சைபர் ஒண்ணுல இருந்துங்க. சொன்னது அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு வைக்கிற எண் பட்டியலுக்காக அவள் கணினியில் முதல் எண்ணை அடித்தாள், இரண்டாவதை அடித்தாள், கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், மீதி முப்பத்தெட்டும் தானே வந்து விழுந்தன. கணினிக்கு எட்டும் ஒன்றுதான், ஒன்பதும் ஒன்றுதான். அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளே பதினேழாம் நம்பர் வீடு என்று வாடகை குறைவாக வந்த வீட்டை வேண்டாம் என்றவள். வண்டி வாங்கினால் நம்பரைக் கூட்டிப் பார்க்கிற ஊரில் பிறந்து, வளர்ந்து, கூட்டிப் பார்த்தே வண்டி வாங்கியவள். பட்டறைப் பதிவேட்டை ஒரு நிமிஷம் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நாலாவது பெட்டி வரைக்கும் பெட்டிப் பட்டியலிலும் எண்கள் உரிம இணைப்பின்படி என்று ஒரே வரியில் அடித்து முடித்தவளும் அவள்தான். ஆக உரிமத்தில் இருப்பது ஒன்று முதல் நாற்பது. பெட்டியில் இருப்பது ஒன்று முதல் நாற்பத்தைந்து, நடுவில் ஐந்தை விட்டுவிட்டு. உரிமத்தில் இருக்கிற ஐந்து துப்பாக்கி உலகத்தில் கிடையாது. உலகத்தில் இருக்கிற ஐந்து துப்பாக்கி உரிமத்தில் கிடையாது. "இருபத்துமூணு பத்தொம்போது." "இருக்கு சார்." இருபது, இருக்கு. இருபத்தொன்று வராது, ரெண்டும் மூணும் ரெண்டும் ஒண்ணும் எட்டு, வரவில்லை. இப்போது அவள் வாய்க்குள் கூட்டிக்கொண்டே போனாள், எது வராது என்பது முன்கூட்டியே தெரிந்தது, தெரிந்து என்ன பிரயோஜனம்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். உரிமத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பொருளும் இணைப்பும் எண்ணுக்கு எண் ஒத்துப்போகாவிட்டால் உரிமம் செல்லாது, கட்டணம் திரும்பாது. திருத்தம் என்று ஒரு வழி கிடையாது, ஆயுதத்தில் திருத்தம் கிடையாது, புது விண்ணப்பம், புது முத்திரை, இன்னொரு ஐந்து மாசம். அந்தச் சங்கத்தின் கடிதம் மாசக் கடைசியோடு முடிகிறது, அறுவடைக்கு முன்னால் வராத துப்பாக்கி அவர்களுக்கு எதற்கு? நஞ்சப்பனின் பட்டறையில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேரை இந்த நாற்பதை நம்பித்தான் போன தீபாவளிக்குப் பிறகு நிறுத்தாமல் வைத்திருந்தார், அதையும் போனில் அவரே சொன்னார், யாரும் கேட்காமல். தவறான அறிவிப்பில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்ப்பார்கள். கார்டைப் பார்ப்பார்கள். கார்டு போனால் அவளை வைத்துக்கொள்ள அவள் முதலாளி என்ன அவள் தாய்மாமனா? நாற்பத்தாறு வயசில் இன்னொரு பரீட்சை எழுத விடமாட்டார்கள், விட்டாலும் மூன்று தடவைக்கு மேல் எழுத அவளுக்குத் தெம்பில்லை. பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள், அங்கேதான் வினையே. ஒன்றும் ஆகாது. காலியாக ஐந்து கட்டம், எண் இல்லாமல் ஐந்து துப்பாக்கி. அவர் நாற்பத்தொன்று என்பார், இவள் இருக்கு என்று மூன்றில் டிக் போடுவாள். நாற்பத்திரண்டு என்பார், பன்னிரண்டில் டிக். கடைசியில் அவர் எண்ணுவது டிக்கைத்தான், நாற்பதுக்கு நாற்பது, கையெழுத்து. இப்படி ஒரு தப்பு தன்னைத் தானே ஒட்டப் பசையும் கையோடு கொண்டுவரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "இருபத்துமூணு இருபத்தொம்போது." "இருக்கு சார்." மூன்றாவது பெட்டியில் பாதி வந்திருந்தது.

யாருக்கு நஷ்டம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டது அவள் குரலாக இல்லை, பேரம் பேசுகிறவன் குரலாக இருந்தது. அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய கட்டணம் சேர்ந்துவிட்டது, நாற்பதுக்குக் கட்டி நாற்பதுதான் போகிறது. சோளக்காரர்களுக்குப் பன்றி சுட்டால் சரி. இரும்பில் இருக்கிற ஓர் எண், தாளில் இருக்கிற ஓர் எண், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? கேட்டு வாய் மூடவில்லை, தனபால் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். தனபாலை நினைக்கக்கூடாது என்று அவள் வைத்திருந்த கட்டுப்பாடு ஏழெட்டு வருஷம் நன்றாகவே வேலை செய்திருந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயசு, அண்ணன் ஏழுமலைக்கு இருபத்துமூன்று. மீன்பிடிப் படகில் போகிற ஆறு பேருடைய பெயரைப் பட்டியலாக எழுதிக் கரையில் இருக்கிற மீன்துறை ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், தனபால் பெயர் அதில் இருந்தது. விடிகாலையில் தனபாலுக்குக் காய்ச்சல், வாடா ஏழுமலை என்று யாரோ கூப்பிட, அண்ணன் பல் விளக்கிய வாயோடு ஓடினான். ஒரு தலைக்கு ஒரு தலை, ஆறுக்கு ஆறு, எதற்குத் திருத்துவது என்று பட்டியலை யாரும் திருத்தவில்லை. புயலுக்குப் பிறகு படகு வரவில்லை. அம்மா அந்த ஆபீஸுக்குப் போய் நின்றபோது, அங்கே இருந்தவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு பட்டியலை விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்து, "ஏழுமலைன்னு யாரும் போகலியேம்மா" என்றார். போனான் சாமி, நான் பெத்த புள்ள எனக்குத் தெரியாதா என்றாள் அம்மா. அவர் மறுபடியும் தடவிப் பார்த்தார். ஒன்பது வருஷம் பார்த்தார்கள், ஆள் மாறி ஆள். ஒன்பது வருஷமும் ஏழுமலை செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. தெருவில் தனபால் எதிரே வந்தால் அம்மா எதிர்வாடைக்கு மாறிப் போவாள், அவன் என்ன செய்வான், அவனும் மாறிப் போவான். "இருபத்துமூணு முப்பத்திநாலு." "இருக்கு சார்." லோடுமேன் நாலாவது பெட்டிக்குக் கடப்பாரையைக் கொண்டுவந்தான்.

முப்பத்தைந்து, ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் இருந்தன. முப்பத்தொன்பது வராது, கூட்டினால் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு, வரவில்லை. நாற்பது. "இருக்கு சார்." உரிமத்தில் அதுதான் கடைசிக் கட்டம், அதற்குக் கீழே யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்தும் வட்ட முத்திரையும். "இருபத்துமூணு நாப்பத்தொண்ணு" என்றார் திரவியம். பூங்காவனம் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய் "இருக்கு சார்" என்றது. பேனா மேலே போய் மூன்றாம் எண்ணின் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தது. அவ்வளவுதான். முப்பத்தாறாவது தடவையாகச் சொன்ன இருக்குவுக்கும் முப்பத்தைந்தாவதுக்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்தொன்பது வருஷப் பேர் ஒரு விநாடியில் போயிற்று, போனது யாருக்கும் கேட்கவில்லை. சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, இன்னும் நாலு, நாலு டிக், வீட்டுக்குப் போய்த் துணியை எடுக்கலாம். திரவியம் துப்பாக்கியை நஞ்சப்பனிடம் நீட்ட, அவர் வாங்கி மேஜையில் கிடத்தி, எண்ணெய்த் தாளைக் கால்மாட்டிலிருந்து மேலே கொண்டுவந்து, இடப்பக்கம் மடித்து, வலப்பக்கம் மடித்து, குளிப்பாட்டிய குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்றினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தாளில் இப்போது அதன் பெயர் மூன்று. இரும்பில் நாற்பத்தொன்று. கப்பலேறிப் போய் அங்கே யார் வீட்டுப் பரணில் கிடக்குமோ, யார் கைக்கு மாறுமோ, மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் எத்தனை நாள் உயிரோடு இருப்பாரோ. ஒருநாள் யாரோ ஒருவர் செத்துக் கிடக்கிற இடத்தில் அது கிடக்கும், எண்ணை எழுதிக்கொண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு இங்கே எழுதுவார்கள், இங்கே ஒருவர், நல்லவர்தான், பட்டியலை விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்து, அப்படி ஒன்று இங்கிருந்து போகவே இல்லையே என்பார். செத்தவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். எதிர்வாடையில் நடப்பாள். "இருபத்துமூணு நாப்பத்திரெண்டு" என்றார் திரவியம்.

"இல்ல சார்" என்றாள். அவருக்குக் கேட்டது, ஆனால் கேட்டதை நம்பாமல் டார்ச்சை அணைத்தார். "என்னம்மா இல்ல?" "இந்த நம்பர் லைசென்ஸ்ல இல்ல சார்." "நல்லாப் பாருங்க" என்று அவர் சொன்ன விதத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார், அவளும் அதைப் பார்த்தாள். "பாத்துட்டேன் சார். லைசென்ஸ் நாப்பதோட முடியுது. அஞ்சு துப்பாக்கி வெளிய நிக்குது. இதுக்கு முந்துன நம்பரும் இல்ல. இருக்குன்னு பொய் சொல்லி மூணாம் நம்பர் கட்டத்துல டிக் போட்டேன்." தாளை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். திரவியம் குனிந்து பார்த்தார், அவருக்கு எழுத்து தெரிந்திருக்காது, டிக் மட்டும் தெரிந்திருக்கும். "மிச்சம் நாலு உருப்படிதானேம்மா இருந்துச்சு" என்றார் மெதுவாக. "ஆமா சார்." "நீங்க டிக் போட்டுக் குடுத்திருந்தா நான் திருப்பிப் பாத்திருக்கவா போறேன்?" "மாட்டீங்க சார்." அதுவரைக்கும் வராத கோபம் அவருக்கு அப்போதுதான் வந்தது, முகம் சிவந்து, யார்மேல் என்று தெரியாமல் லோடுமேனைப் பார்த்து, "பெட்டிய மூடுல, எல்லாத்தையும் மூடு" என்றார். நஞ்சப்பன் நாற்பத்திரண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது, புரிந்ததும், "அய்யா, அது எங்க பழக்கமுங்க, அந்தம்மாவுக்குத் தெரியாதுங்க, தப்பு என்னோடதுங்க" என்றார். "யார் கையெழுத்து?" என்று திரவியம் கேட்டார். "என்னுது" என்றாள் பூங்காவனம்.

வாக்குமூலம் ஒரு பக்கம் வந்தது. கொட்டகை மூலையில் இருந்த மேஜையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். எப்படித் தப்பு நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் இருபத்துநாலு தடவை ஒன்றும் சொல்லாமல் நின்றது, ஒரு தடவை பொய் சொன்னது. பழக்கம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள்; எட்டைப் பற்றி எழுதினால் டெல்லியில் சிரிப்பார்கள், எழுதாவிட்டால் நஞ்சப்பன் எண்ணை மறைத்ததாக ஆகும். எழுதினாள். நாற்பது துப்பாக்கியும் நாலு பெட்டிக்குள் போய், அனுமதிக்கிற முத்திரைக்குப் பதிலாகத் தடுத்து வைக்கிற முத்திரை விழுந்தது, மெழுகு என்னவோ ஒரே மெழுகுதான். நஞ்சப்பன் பெட்டிகளைப் பார்த்தபடி ஒரு காலி மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குப் போன் போட்டிருக்கலாம், போடவில்லை, கைபேசி மடியில் கிடந்தது. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, மன்னிப்பு என்பது அந்த ஒன்பது பேருக்கும் பங்கு வைக்கிற அளவுக்குப் பெரிய பொருள் இல்லை என்றும் இருந்தது. திரவியம் வாக்குமூலத்தை முகத்துக்கு அருகே பிடித்து நெடுநேரம் படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், நேரம் போட்டார், நாலு இருபது. பிறகு அவளைப் பார்க்காமல், "கார்டை நான் மேல அனுப்பணும்மா. முறை அதுதான்" என்றார். அவள் தலைக்கு மேல் கயிற்றைத் தூக்கினாள். அது பின்னால் கொண்டையில் ஊசிக்கும் முடிக்கும் நடுவே எங்கேயோ மாட்டிக்கொண்டது, இழுத்தாள், வரவில்லை, இன்னும் வேகமாக இழுத்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது, அது முடி வலித்ததற்கு என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும். நஞ்சப்பன் பலகையிலிருந்து எழுந்து வந்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்று, கயிற்றை ஒவ்வொரு இழையாக விடுவிக்க ஆரம்பித்தார். "இருங்கம்மா, இழுக்காதீங்க" என்றார். "முடி அந்து போயிருமுங்க."